மாப்பிள்ளை பேருக்குப் பின்னால்

"மாப்ள பேருக்குப் பின்னாடி என்னண்ணே போடணும்?" என்று கேட்டான் அமிர்தராஜ்.

பெரிய கடைவீதிச் சந்துக்குள் இருக்கிற கல்யாணப் பத்திரிகைக் கடை அது. கம்ப்யூட்டர் திரையைப் பிச்சமுத்துவின் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு அமிர்தராஜ் காத்திருந்தான். பத்திரிகை ஏறக்குறைய முடிந்திருந்தது. மேலே தாமரைப்பூ, கீழே மண்டபத்தின் முகவரி, ஆவணி மாத முகூர்த்தம். நடுவில் இரண்டு பெயர்கள். பெண் பெயர் தேவதர்ஷினி. அதற்குப் பின்னால் எம்.எஸ்சி., பி.எட்., எம்.ஃபில். என்று ரயில் பெட்டி மாதிரி எழுத்துகள் நீண்டிருந்தன. பிச்சமுத்துவின் மகன் பெயர் சித்தார்த். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

"பைலட்னு போடேன்ப்பா."

"அது உத்தியோகம்ணே. அடியில சின்னதா போட்டிருக்கேன் பாருங்க. நான் கேக்கறது படிப்பு. பொண்ணுக்கு இவ்ளோ நீளம் வருது, மாப்ளைக்கு மொட்டையா நின்னா பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

நம் ஊரில் பத்திரிகையை வாங்குகிறவர்கள் எதை முதலில் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? தேதியையா? அதெல்லாம் அப்புறம். பேருக்குப் பின்னால் இருக்கிற எழுத்தைத்தான் கண் முதலில் தேடும். பி.ஏ. என்றால் ஒரு 'ம்'. பி.ஈ. என்றால் 'பரவால்ல'. அதற்கும் மேலே என்றால் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் படிப்பார்கள். ஒன்றுமே இல்லையென்றால் வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார்கள், பத்திரிகையை மடித்து டி.வி. மேலே வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்த வேறு பேச்சு இருக்கிறதே, அதைப் பிச்சமுத்து ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறார். எட்டாவதோடு நின்று, லாரியில் கிளீனராக ஏறி, பிறகு ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் டவுன் பஸ் ஓட்டியே ரிட்டயர் ஆனவர். மகன் விமானம் ஓட்டப் போகிறான் என்று டிப்போவில் மிட்டாய் கொடுத்தபோதுகூட, "டிரைவர் மகன் டிரைவராத்தானே ஆவான்" என்று சிரித்தார்கள். வேண்டியவர்கள்தான், பிரியமாகச் சொன்னதுதான். ஆனாலும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

சித்தார்த் படிக்காதவன் என்று யாராவது சொன்னால் அவருக்கு எங்கிருந்து கோபம் வருமென்றே தெரியாது. பிளஸ் டூ முடித்ததும் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு சேர்ந்தான். ஒரு வருஷம் போனான். அதற்குள் விமானப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட, மண்ணச்சநல்லூர் நிலத்தை விற்று வடக்கே அனுப்பினார்கள். லீவில் வந்தால் காற்று, மேகம், என்ஜின் என்று தலையணை கனத்துக்குப் புத்தகங்களை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். லைசென்ஸ் வாங்கி வந்தபிறகு இரண்டு வருஷம் வேலையில்லை. ஒரு கம்பெனியில் எல்லாத் தேர்விலும் தேறி, கடைசி மேஜையில் டிகிரி சர்டிபிகேட் கேட்டார்கள். எந்த டிகிரி என்றால், எதுவானாலும் சரியாம். "தமிழ் இலக்கியம் படிச்சிருந்தாலும் சரியாம்ப்பா, சமையல் படிச்சிருந்தாலும் சரியாம். பிளேனுக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று வீட்டுக்கு வந்து கேட்டான். அப்புறம் வேறொரு கம்பெனி அவன் லைசென்ஸை மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டது. இப்போது துணை விமானி. வெள்ளைச் சட்டையும் தோள்பட்டையில் தங்கக் கோடுமாக அவன் ஸ்ரீரங்கத்தை ஒட்டி இவர்கள் வீடு இருக்கிற மேலூர் தெருவில் இறங்கினால், தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிற பெண்கள் குடம் நிரம்பி வழிவதை மறந்து பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் ஒரு எழுத்துக்கூடக் கிடையாதா? ஒரு வருஷம் படித்தானே. மீதியை ஆகாசத்தில் படித்தான் என்று வைத்துக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும்?

"பி.எஸ்சி. போட்டுரு" என்றார் பிச்சமுத்து.

அமிர்தராஜ் போட்டான். இரண்டு பெயர்களும் இப்போது ஓரளவு சமமாக நின்றன. பிச்சமுத்துவின் மனசு குளிர்ந்துபோயிற்று.

அவர் அதைப் பொய் என்றே நினைக்கவில்லை. பெண்ணின் அப்பாவுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நினைத்தார். பீமராவ் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகள், புத்தூரில் வீடு. சம்பந்தம் பேச முதன்முதலாகப் போனபோது, கோட்டும் கண்ணாடியுமாகக் கையில் சட்டப் புத்தகத்தோடு நிற்கும் அந்தப் பெரியவரின் படம் ஹாலில் மாலையோடு இருந்தது. மேலூர் வீட்டிலும் அதே படம் உண்டு, காலண்டரில் வந்தது. பீமராவுக்கு அவர் அப்பா பேர் வைத்ததே அந்தப் பெரியவரை நினைத்துத்தான். படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பீமராவ், காப்பி வருவதற்கு முன்னாலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"பிளஸ் டூ முடிச்சேன் சார். டிகிரி ஒரு வருஷம் போயிட்டு விட்டுட்டேன். அப்பறம் பைலட் டிரெய்னிங்" என்றான் சித்தார்த், ஒளிவுமறைவு இல்லாமல்.

"அத்தனை பேரு உசுரை ஏத்திட்டுப் போறீங்க. ஒரு டிகிரிகூட இல்லாம எப்படி நம்பி வேலை குடுக்கறாங்க?"

"டிகிரிய நம்பிக் குடுக்கலைங்க சார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உக்கார வச்சு டெஸ்ட் எடுக்கறாங்க. தேறலேன்னா அன்னிக்கே இறக்கி விட்டுருவாங்க. டிகிரிய யாரும் அப்படித் திருப்பித் திருப்பிக் கேக்கறதில்லைங்களே."

"நம்மளைக் கேக்கறாங்க தம்பி" என்றார் பீமராவ். "ஆயுசு முழுக்கக் கேக்கறாங்க."

அதற்குமேல் அவர் கோபப்படவில்லை. காதில் ஒரு கோளாறு, கண்ணில் ஒரு கோளாறு என்று மெடிக்கலில் ஒதுக்கிவிட்டால் அப்புறம் என்ன செய்வாய், கம்பெனியே மூடிவிட்டால் எதைக் காட்டி இன்னொரு இடத்தில் வேலை கேட்பாய் என்று நிதானமாகக் கேட்டார். "தெரியலைங்க சார்" என்றான் சித்தார்த். சம்பந்தம் வேண்டாமென்று பீமராவ் சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் அதற்குள் தேவதர்ஷினிக்கு அந்தத் 'தெரியலைங்க சார்' பிடித்துப்போயிருந்தது. போனில் பேசினார்கள், ஒரு தரம் முக்கொம்பில் சந்தித்தார்கள், பிறகு அவள் அப்பாவிடம் இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். பீமராவ் மாதக்கணக்கில் யோசித்தார். ஒருநாள் அவரே மேலூருக்கு ஆட்டோ பிடித்து வந்து, "சம்பந்தி" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார். பிச்சமுத்துவை யாரும் அத்தனை சத்தமாக உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனியலாமா? அதுதான் பிச்சமுத்துவின் கணக்கு.

பத்திரிகை வந்ததும் பிச்சமுத்துவின் மனைவி செல்லக்கிளி நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு சமயபுரத்துக்குப் போய், ஆடி வெள்ளிக் கூட்டத்தில் இடிபட்டு மிதிபட்டு, ஆத்தா காலடியில் வைத்து எடுத்துவந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்தான். "பி.எஸ்சி.ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னங்க?" என்று கேட்டாள். "பைலட் படிப்புக்கு அப்படித்தான் போடுவாங்க" என்றார் பிச்சமுத்து. அவளும் நம்பினாள். அவர் சொல்லி அவள் எதைத்தான் நம்பாமல் இருந்திருக்கிறாள்?

உறையூரில் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஒரு சொந்தக்காரர் இருந்தார். பெண் வீட்டார் தனியாக அடித்த பத்திரிகை அவர் கைக்கு முதலில் போயிருந்தது. பிச்சமுத்துவின் பத்திரிகையும் வந்ததும் மனுஷன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். வேலைவெட்டி இல்லாதவர். உடனே பீமராவுக்குப் போன் போட்டு, "உங்க பத்திரிகையில மாப்ளைக்கு டிகிரி இல்ல, அவங்க பத்திரிகையில இருக்கு. எது சார் அசலு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் பீமராவ் பிச்சமுத்துவைக் கூப்பிட்டார்.

"பிச்சமுத்து சார், தம்பிக்கு எப்ப டிகிரி வந்துச்சு?"

சம்பந்தி என்ற வார்த்தை இல்லாததைப் பிச்சமுத்து உடனே கவனித்தார். இருந்தாலும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அது ஒண்ணுமில்ல சார். ஒரு கௌரவத்துக்குப் போட்டது. உங்க கௌரவத்துக்குத்தான் சார்."

"என் கௌரவம் பொய்யிலயா நிக்குது?" என்றார் பீமராவ். குரலை உயர்த்தக்கூட இல்லை. "படிக்கலைன்னு சொல்லி வந்தீங்க. சரின்னேன். படிச்சதாப் பொய் சொல்றீங்களே சார். இந்தக் கல்யாணம் வேணாம்."

போனை வைத்துவிட்டார். செல்லக்கிளி என்ன என்ன என்று கேட்க, கடைசியில் பிச்சமுத்து சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவள் அழவில்லை முதலில். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "பொய்யின்னு தெரியாம ஆத்தா காலடியில வச்சிட்டு வந்தேனே. ஏங்க, என்னை ஏங்க அங்க அனுப்புனீங்க?" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

சித்தார்த் இரண்டு நாள் கழித்து வந்தான். கத்துவான், சாமானை உடைப்பான், நாலு வார்த்தை கேட்பான், வாங்கிக்கொள்ளலாம் என்று பிச்சமுத்து தயாராக இருந்தார். அவன் எதையும் செய்யவில்லை. கூடத்தில் கட்டாகக் கிடந்த பத்திரிகையில் ஒன்றை உருவிப் பார்த்தான், வைத்தான்.

"நான் அவர்கிட்டப் பேசிட்டேன்ப்பா. என் மேல கோவம் இல்லைன்னு சொன்னாரு. ஆனா வேணாம்னுட்டாரு."

"அந்தப் புள்ள?"

"அழுவுது."

"நான் நல்லதுக்குத்தான்டா சித்து..."

"தெரியும்ப்பா." அவன் கீழே உட்கார்ந்து, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் சுவரில் தலைசாய்த்துக்கொண்டான். "எங்க வேலையில தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்ப்பா. பக்கத்துல கேப்டன் இருக்காரு, கீழ டவர் இருக்கு, யாராவது சொல்லிக் குடுப்பாங்க. தெரியாததைத் தெரியும்னு சொன்னாத்தான் முடிஞ்சுது. கணக்கு நோட்டுல ஒரு மணி நேரம் கூடுதலாப் பறந்ததா நான் பொய்யா எழுதினேன்னு வைங்க, லைசென்ஸே போயிடும். டிகிரி இல்லைன்னு அந்தக் கம்பெனி திருப்பி அனுப்புனப்பகூட, பொய் சர்டிபிகேட் வாங்கித் தரேன்னு ஒருத்தன் வந்தான்ப்பா. நான் வேணாம்னுட்டுத்தானே ரெண்டு வருஷம் வீட்டுல உக்காந்திருந்தேன்?"

இது பிச்சமுத்துவுக்குத் தெரியாது. அந்த இரண்டு வருஷமும் பையனுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தெரிந்திருந்தால் அமிர்தராஜின் கடையில் வாயைத் திறந்திருப்பாரா? பாவி மனுஷன், மகனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் அவர் யாரிடமும் சொல்லாமல் புத்தூருக்குக் கிளம்பினார். மாம்பழச்சாலையில் பஸ் ஏறினார். ஆடி மாசம், காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்துப் பிள்ளைகள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தன. எத்தனையோ ஆயிரம் தரம் இந்தப் பாலத்தில் வண்டியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார். அன்றைக்குப் பாலம் முடியாமல் போனால் தேவலை என்று இருந்தது.

பீமராவ் கதவைத் திறந்தார். "வாங்க பிச்சமுத்து சார்" என்றார். உள்ளே கூப்பிட்டு, ஃபேன் போட்டு, உட்காரவும் வைத்தார். அந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் பிச்சமுத்துவுக்குத் தாங்கவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் சார். கால்ல வேணாலும் விழறேன். வேற பத்திரிகை அடிச்சிடறேன். பசங்களைத் தண்டிச்சிடாதீங்க."

"கால்ல விழற பேச்செல்லாம் நமக்குள்ள வேணாம் சார்." பீமராவ் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், என் சர்டிபிகேட் போலின்னு எவனோ பேரில்லாம பெட்டிஷன் போட்டான். காலேஜ்ல விசாரணை வச்சாங்க. ஸ்டாஃப் ரூம்ல நான் உள்ள போனா பேச்சு நின்னுடும். யுனிவர்சிட்டியில இருந்து நிஜம்னு பதில் வந்துச்சு. வந்து என்ன? அதுக்கப்பறமும் கேட்டாங்க. புரமோஷனுக்குக் கேட்டாங்க, ரிட்டயர் ஆகறப்பக்கூட ஒருத்தன் கேட்டான், சிரிச்சுக்கிட்டே. நம்ம ஆளு படிச்சான்னா அது பொய்யாத்தான் இருக்கும்னு நம்பறதுக்கு ஊர்ல ஆள் இருக்கு சார். என் வீட்டுக் கல்யாணத்துலயே அவங்களுக்கு ஒரு பொய்யை எடுத்து நீட்டிட்டீங்களே."

"பையன் மேல ஒரு தப்பும் இல்ல சார்" என்றார் பிச்சமுத்து.

"தம்பி தங்கமான பையன். அது எனக்குத் தெரியும். ஆனா பந்தியில உக்காந்து, எது அசலு எது போலின்னு அவங்க சிரிக்கறப்ப, என்னால அங்க நிக்க முடியாது. அவ்ளோதான் சார் என் சக்தி." சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். உள் அறைக்குள் கட்டில் முனகுகிற சத்தம் கேட்டது.

பிச்சமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது தேவதர்ஷினி பின்னால் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "தண்ணிகூடக் குடிக்காமப் போறீங்களே மாமா" என்று சொம்பை நீட்டினாள். அவர் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

"நீயாவது சொல்லேன்மா. உன் பேச்சைக் கேப்பாரும்மா. இல்லேன்னா, நீ வந்துரு. நாங்க உன்னைக் கண்ணுல வச்சுப் பாத்துக்குவோம்."

அவள் சொம்போடு கொண்டுவந்திருந்த பத்திரிகையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். பெண் வீட்டுப் பத்திரிகை. நல்ல நாள் பார்த்துத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பதாக இருந்தது. பிச்சமுத்து இதுவரை பார்த்ததில்லை. உறையிலிருந்து வெளியே எடுத்துப் பிரித்தார். நடுவில் சித்தார்த் என்று இருந்தது, பின்னால் ஒன்றுமில்லை. அதற்குப் பக்கத்தில் தேவதர்ஷினி என்று இருந்தது. அதற்குப் பின்னாலும் ஒன்றுமில்லை. அவசரமாக மேலே பார்த்தார். அழைப்பவர் பெயர் வெறும் பீமராவ்.

"எழுத்தெல்லாம் எங்கம்மா?"

"அப்பாதான் புரூஃப் பாக்கறப்ப எடுக்கச் சொன்னாரு மாமா. என்னோடதையும், அவரோடதையும். மாப்ள பேரு மட்டும் தனியா நிக்கக் கூடாதும்மான்னாரு." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அந்த டாக்டர் பட்டம் இல்லாம அவர் ஒரு இடத்துலயும் கையெழுத்துப் போட்டு நான் பாத்ததில்ல. வேற அப்பாவா இருந்தா சண்டை போட்டுட்டு வந்துருவேன் மாமா. இவரை விட்டுட்டு எப்படி வருவேன்?"

அவள் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். புத்தூர் நாலு ரோட்டில் வந்து நின்ற பஸ்கள் எல்லாம் போனபிறகும் பிச்சமுத்து அங்கேயே நின்றிருந்தார். எந்த வண்டியில் ஏறினார், எங்கே மாறினார் என்று அவருக்கு ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்தபோது சித்தார்த் கிளம்பிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் திருச்சியிலிருந்து சென்னை போகும் விமானத்தில் அவனுக்கு வேலை. தெருமுனையில் கார் வந்து நின்றிருந்தது. பிச்சமுத்து சட்டைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து அவனிடம் நீட்டினார். தேவதர்ஷினியின் பெயருக்குப் பின்னால் இருந்த காலி இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவன் பார்த்தான். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பத்திரிகையை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு அதை மடிக்காமல் பெட்டியின் மேல்பையில் வைத்து ஜிப்பை இழுத்தான்.

"போயிட்டு வரேன்ப்பா" என்றான். அம்மாவைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

வெயில் தாழ்ந்தது. பிச்சமுத்து கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைக் கட்டின் கயிற்றை அறுத்தார். சவரம் செய்கிற பிளேடை உறையிலிருந்து எடுத்தார். முதல் பத்திரிகையை முழங்காலில் வைத்து, மகன் பேருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை மெல்லச் சுரண்ட ஆரம்பித்தார். தங்க மை லேசில் போகவில்லை. ஒன்று முடிந்ததும் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். இனி யாருக்கு இதைக் கொடுக்கப் போகிறார்?

மகனின் விமானம் கொள்ளிடத்தைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு பேரும் தெருவில் வந்து நிற்பது வழக்கம். பிச்சமுத்து கையைத் தூக்கி, எதிரே வருகிற பஸ் டிரைவருக்குக் காட்டுகிற மாதிரி ஒரு சலாம் வைப்பார். சத்தம் முதலில் காவிரிப் பக்கம் கேட்டது, பிறகு தெருவுக்கு மேலே வந்தது.

"ஏங்க, தம்பி போறான். வந்து பாருங்க" என்று செல்லக்கிளி வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

பிச்சமுத்து நிமிரவில்லை. பிளேடு ஒரு இடத்தில் ஆழமாக இறங்கி, பேருக்குப் பின்னால் காகிதம் கிழிந்துபோயிருந்தது. அந்தக் கிழிசலைக் கட்டைவிரலால் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தார். வெளியே செல்லக்கிளி மட்டும் ஒற்றைக் கையைத் தூக்கி, சத்தம் போன பக்கமாக அசைத்துக்கொண்டே நின்றாள்.